பழகாத பகை

குமரி மாவட்டத்தில் தேன்பெட்டிக்கு நூறாண்டு வயது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திவந்த ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையம் குடியானவர்களின் கொல்லைப்புறத்துக்கு அதைக் கொண்டுசேர்த்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே திருச்சியில் பாதிரியார் நியூட்டன், நம் ஊர்த் தேனீயின் சிறிய உடலுக்கும் சிறிய குடும்பத்துக்கும் ஏற்றபடி ஒரு மரப்பெட்டியை வடிவமைத்திருந்தார். பிறகு ரப்பர் வந்தது. ரப்பர் மரம் தளிர்விடும் தை, மாசி மாதங்களில், பூவில் அல்ல, இலைக்காம்பின் நுனியிலேயே இனிப்பு நீர் சுரக்கும். அந்தச் சில வாரங்களில் பெட்டிகள் நிரம்பி வழியும். பல ஆயிரம் குடும்பங்களுக்கு அது உறுதியான வருமானம்.

1991இல் பெட்டிகளுக்குள் புழுக்கள் சாகத் தொடங்கின. தேனீக்கள் பெட்டியைவிட்டு ஓடின, அல்லது நாளுக்கு நாள் மெலிந்து மறைந்தன. அடுத்த ஆண்டுக்குள் கேரளத்திலும் குமரியிலும் பெட்டிகளில் வளர்ந்த தேனீக் குடும்பங்களில் பத்தில் ஒன்பது அழிந்துபோயின. நோயை உண்டாக்கியது ஒரு வைரஸ். முதலில் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் அதற்குத் தாய் சாக்புரூட் என்று பெயர். தமிழில் பைப்புழு நோய் என்று சொல்லலாம்.

இழப்பை ஈடுகட்ட வேறொரு தேனீயைக் கொண்டுவந்தார்கள். இத்தாலியத் தேனீ என்று நாம் அழைக்கும் ஐரோப்பியத் தேனீ அது. அந்த வைரஸ் அதை அசைக்கவில்லை. ஆனால் இந்தத் தேனீயை வளர்ப்பவர்கள் இன்னொரு எதிரிக்காக ஆண்டுதோறும் மருந்து வைத்தாக வேண்டும். அது கடுகளவுகூட இல்லாத வர்ரோவா என்ற செம்பழுப்பு உண்ணி. மருந்து வைக்காமல் விட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடும்பமே அழிந்துவிடும். இதே உண்ணி இனம் நம் தேனீயின் கூட்டிலும் உண்டு. அங்கே அதற்கு யாரும் மருந்து வைப்பதில்லை. தேவையே ஏற்படுவதில்லை.

ஒரு நோய் நம் தேனீயைக் கொன்றது, அயல் தேனீயைத் தொடவில்லை. ஓர் உண்ணி அயல் தேனீயைக் கொல்கிறது, நம் தேனீயோடு அமைதியாக வாழ்கிறது. இரண்டும் நெருங்கிய உறவினங்கள். இரண்டும் மெழுகில் அறுகோண அறை கட்டி, ஒரே மாதிரி புழு வளர்த்து, ஒரே பூவுக்குப் போகின்றவை. பிறகு ஏன் இந்தத் தலைகீழ் விதி?

விடையைத் தேட உண்ணியிடமிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதன் கதைதான் மிகத் தெளிவாக ஆராயப்பட்டிருக்கிறது. முதலில் ஒரு பெயர்க் குறிப்பு. நாம் அடுக்குத் தேனீ என்று சொல்வது ஆசியத் தேனீ என்ற இனத்தின் தென்னிந்தியக் கிளை. அந்த இனம் இங்கிருந்து ஜப்பான் வரை பரவியிருக்கிறது. வர்ரோவா உண்ணிகள் அந்த இனத்தின் பழைய ஒட்டுண்ணிகள். 1904இல் ஜாவாத் தீவில் ஆசியத் தேனீயின் மேலிருந்து எடுத்த மாதிரியை வைத்துத்தான் நெதர்லாந்து விலங்கியலாளர் ஔடமன்ஸ் வர்ரோவாவை முதன்முதலாக விவரித்தார்.

பெண் உண்ணியின் வாழ்வில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒரு கட்டத்தில் வளர்ந்த தேனீயின் வயிற்றுப்புறத் தகடுகளுக்கு இடையே ஒண்டிக்கொண்டு ஊரெல்லாம் பயணம் செய்யும். அடுத்த கட்டம் அறைக்குள் நடக்கும். தேனீப் புழு நன்றாகத் தின்று பருத்ததும் வேலைக்காரத் தேனீக்கள் அதன் அறையை மெழுகால் மூடும். உள்ளே அது கூட்டுப்புழுவாகி, பிறகு தேனீயாகி வெளிவரும். மூடுவதற்குச் சில மணி நேரம் முன்பு உண்ணி அந்த அறைக்குள் நழுவிச் சென்று, புழுவின் அடியில் கிடக்கும் உணவுக் கூழுக்குள் ஒளிந்துகொள்ளும். கதவு மூடிய பிறகு வெளியே வரும். மூன்று நாள் அளவில் முதல் முட்டை இடும். அது ஆண். அதற்குப் பின் ஏறக்குறைய முப்பது மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள் இடும். அண்ணன் அறைக்குள்ளேயே தங்கைகளோடு கூடிவிட்டு, அங்கேயே செத்துப்போகும். தேனீ வெளியே வரும்போது தாயும் முதிர்ந்த மகள்களும் அதன் மேல் ஏறி வெளியேறுவார்கள். முதிராத மகள்கள் காற்றுப் பட்டு வற்றி இறந்துவிடும்.

ஆகவே எல்லாம் கதவு மூடியிருக்கும் நாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஐரோப்பியத் தேனீயின் வேலைக்காரத் தேனீ மூடிய அறைக்குள் ஏறக்குறைய 12 நாள் இருக்கும். ஆண் தேனீ உடல் பெரியது, 14, 15 நாள் இருக்கும். மகள் உண்ணி முதிர ஆறு நாள் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலைக்காரத் தேனீயின் அறையில் ஒரு மகள் முதிர்வாள், சில நேரம் இருவர். ஆண் அறையில் இரண்டு மூன்று பேர். அதனால்தான் உண்ணிக்கு ஆண் தேனீயின் அறை மீது அவ்வளவு நாட்டம். கூட்டில் இரண்டும் இருந்தால் ஆண் அறையைத்தான் பல மடங்கு அதிகம் நாடும்.

ஆசியத் தேனீ இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதன் கூட்டில் உண்ணி வேலைக்காரப் புழுவின் அறைக்குள் நுழைந்தாலும் அங்கே அது இனம் பெருக்குவதில்லை. அதற்கு ஒன்றல்ல, பல காரணங்கள் ஒன்றுகூடுகின்றன. உண்ணி கடித்த ஆசிய வேலைக்காரப் புழு விரைவில் நோயுற்று வளர்ச்சி நின்று போகிறது. உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்பதை வெளியே நடமாடும் தேனீக்கள் மோப்பத்தால் அறிகின்றன. மெழுகு மூடியைப் பிய்த்து, புழுவையும் உண்ணியையும் சேர்த்து வெளியே எறிகின்றன. ஆய்வாளர்கள் இதைத் தூய்மை நடத்தை என்கிறார்கள். எளிதில் சாகும் புழு குடும்பத்துக்கு நன்மை செய்கிறது என்பது முதலில் முரணாகத் தோன்றும். ஆனால் ஒரு புழுவின் சாவு ஓர் உண்ணிப் பரம்பரையையும் முடித்துவைக்கிறது. உண்ணியைத் தாங்கிக்கொண்டு உயிர்பிழைக்கும் வலிமையான புழுதான் உண்மையில் குடும்பத்துக்கு ஆபத்தானது.

மிஞ்சியிருப்பது ஆண் அறைகள் மட்டுமே. ஆசியத் தேனீயின் ஆண் அறை மூடி தடிப்பானது, நடுவில் ஒரு சிறு துளையோடு இருக்கும். ஓர் அறையில் பல உண்ணிகள் புகுந்து ஆண் கூட்டுப்புழு மிகவும் நலிந்தால், அதற்கு அந்தத் தடித்த மூடியை உடைத்து வெளிவரும் வலிமை இராது. வேலைக்காரர்களும் திறப்பதில்லை. ஆணும் உண்ணிகளும் உள்ளேயே அடங்கிவிடும். தவிரவும் ஆண் தேனீக்கள் ஆண்டு முழுவதும் வளர்வதில்லை, இனப்பெருக்கப் பருவத்தில் மட்டும்தான். அந்தச் சில வாரங்கள் முடிந்ததும் உண்ணிக்குத் தொட்டிலே கிடையாது. இப்படி வரம்பு கட்டிய வாழ்க்கையில் உண்ணி பெருகவும் முடியாது, ஒரேயடியாக அழிந்துபோகவும் இல்லை.

ஐரோப்பியத் தேனீயின் கூட்டில் இந்த வரம்புகள் எதுவும் இல்லை. அங்கே வேலைக்காரப் புழு உண்ணியைத் தாங்கிக்கொண்டு வளர்கிறது. தேனீக்களில் பெரும்பாலானவை ஆபத்தை மோப்பம் பிடிப்பதில்லை. புழு இருக்கும் காலமெல்லாம் உண்ணிக்கு அறை கிடைக்கிறது. சாதகமான பருவத்தில் உண்ணிக் கூட்டம் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. இலையுதிர் காலத்தில் தேனீக்கள் குறைந்து உண்ணிகள் உச்சத்தில் இருக்கும்போது குடும்பம் சரிந்துவிடுகிறது.

இந்த உண்ணிக்கு ஐரோப்பியத் தேனீயைக் காட்டிக்கொடுத்தது மனிதன்தான். ஆசியத் தேனீ வாழும் நிலமும் ஐரோப்பியத் தேனீ வாழும் நிலமும் இயற்கையில் ஒன்றையொன்று தொடாதவை. இடையில் பாலைகளும் மலைகளும் கிடந்தன. தேன் அதிகம் தரும் தேனீ என்று ஐரோப்பியத் தேனீயை ஜப்பானுக்கும், சைபீரிய ரயில் பாதை வழியாக ரஷ்யாவின் கிழக்குக் கோடிக்கும் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டு இனங்களின் பெட்டிகளும் பக்கம் பக்கமாக நின்றன. தேன் திருடப் போகும் தேனீ வழியாகவோ, தேனடைச் சட்டத்தைப் பெட்டி மாற்றும் மனிதக் கை வழியாகவோ உண்ணி தாவியது. கிழக்கே போன பெட்டிகள் மேற்கே திரும்பியபோது உண்ணியும் கூடவே வந்தது. 1970களில் ஐரோப்பாவெங்கும் பரவியது. 1987இல் அமெரிக்கா, 1992இல் இங்கிலாந்து, 2000இல் நியூசிலாந்து. கடைசியாக எஞ்சியிருந்த பெருநிலம் ஆஸ்திரேலியா. அங்கும் 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்துக் காவல் பெட்டிகளில் உண்ணி கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்துப் பார்த்தார்கள். மறு ஆண்டு செப்டம்பரில், இனி ஒழிக்க முடியாது என்று முயற்சியைக் கைவிட்டார்கள்.

இந்த வழித்தடம் நமக்கு எப்படித் தெரியும்? பல பத்தாண்டுகளாக உலகம் முழுவதும் தேனீயைக் கொல்வது ஔடமன்ஸ் விவரித்த அதே ஜாவா உண்ணி என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் டெனிஸ் ஆண்டர்சனுக்கு அதில் ஒரு முரண் தென்பட்டது. ஜாவாவில் அந்த உண்ணி பக்கத்திலேயே இருந்தும் ஐரோப்பியத் தேனீயின் கூட்டில் இனம் பெருக்கவில்லை. அவரும் சக ஆய்வாளர் ட்ரூமனும் ஆசியா முழுவதிலிருந்தும் உண்ணிகளைச் சேகரித்து, தாய் வழியாக மட்டுமே இறங்கிவரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவை ஒப்பிட்டார்கள். முடிவு 2000இல் வெளிவந்தது. ஒரே இனம் என்று நினைத்தது உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள். உலகத் தேனீக்களைக் கொல்வது ஜாவா உண்ணி அல்ல, ஆசிய நிலப்பகுதியைச் சேர்ந்த வேறொன்று. அதற்கு வர்ரோவா டிஸ்ட்ரக்டர் என்று புதுப் பெயர் இட்டார்கள். அந்த இனத்திலும் எத்தனையோ தாய்வழிக் கிளைகள் இருக்க, ஐரோப்பியத் தேனீக்குத் தாவி வென்றவை கொரியக் கிளையும் ஜப்பான் கிளையும் மட்டுமே. அரிதாக நேரும் ஒரு தாவலை, மனிதர்கள் பெட்டிகளை மீண்டும் மீண்டும் பக்கத்தில் வைத்து நேரச் செய்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பப்புவா நியூகினியில் ஜாவா உண்ணியும் ஐரோப்பியத் தேனீயின் கூட்டில் பெருகப் பழகிவிட்டது தெரியவந்தது.

சரி, உண்ணி கடித்தால் தேனீ ஏன் சாக வேண்டும்? நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை, அது இரத்தத்தை உறிஞ்சுகிறது என்பது. சாமுவேல் ராம்சே என்ற இளம் ஆய்வாளருக்கு இதில் ஐயம் இருந்தது. வளர்ந்த தேனீயின் மேல் உண்ணிகள் ஏன் எப்போதும் வயிற்றின் அடிப்புறத்தையே தேர்ந்தெடுக்கின்றன? அந்த இடத்தில் தோலுக்கு உடனடியாக உள்ளே இருப்பது கொழுப்புத்திசு. நமக்குக் கல்லீரல் செய்யும் வேலைகளில் பலவற்றைப் பூச்சிக்கு அந்தத் திசுதான் செய்கிறது. நஞ்சு முறிப்பது, ஊட்டத்தைச் சேமிப்பது, நோய் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குவது எல்லாம் அங்கேதான். ராம்சே தேனீக்களுக்கு இரண்டு ஒளிரும் சாயங்களைக் கொடுத்தார். ஒன்று இரத்தத்தில் கலக்கும், மற்றொன்று கொழுப்பில் மட்டும் படியும். அந்தத் தேனீக்களைக் கடித்த உண்ணிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது குடலில் ஒளிர்ந்தது பெரும்பாலும் கொழுப்புச் சாயமே. அதோடு நிறுத்தாமல் உண்ணிகளுக்குத் தனித்தனியே இரத்தத்தையும் கொழுப்புத்திசுவையும் ஊட்டிப் பார்த்தார். கொழுப்புத்திசு உண்டவை நீண்ட நாள் வாழ்ந்தன, முட்டையிட்டன. இரத்தம் மட்டும் உண்டவை விரைவில் மடிந்தன. 2019இல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் பிறகு உண்ணி தேனீயைப் பலவீனப்படுத்தும் விதம் புரிந்தது. அது நேரே பாதுகாப்புக் கிடங்கிலேயே வாய் வைக்கிறது.

ஆனால் அதுகூட முழுக் கதை அல்ல. கொலையாளி இன்னொருவன். அவனைக் கண்டுபிடித்த ஆய்வு, என் கணிப்பில், தேனீ அறிவியலில் மிக அழகான ஆய்வுகளில் ஒன்று. அதற்கு ஆய்வகமே தேவைப்படவில்லை, ஒரு தீவுக்கூட்டமே ஆய்வகமாக அமைந்தது. ஹவாய்த் தீவுகளில் தேனீ வளர்ப்பு நெடுங்காலமாக உண்ணி இல்லாமல் நடந்துவந்தது. 2007இல் ஓவாஹு தீவிலும், 2008இல் பெரிய தீவிலும் உண்ணி வந்தது. காவாய், மாவி தீவுகளுக்கு அது அப்போது எட்டியிருக்கவில்லை. வெப்பம் அதே, பூ அதே, தேனீ அதே. வேறுபாடு உண்ணி ஒன்றுதான். ஆய்வாளர் ஸ்டீபன் மார்ட்டினின் குழு இந்த அரிய வாய்ப்பைப் பற்றிக்கொண்டு எல்லாத் தீவுகளிலும் தேனீக்களை எடுத்து அவற்றின் வைரஸ்களை அளந்தது.

அவர்கள் குறிவைத்தது சிறகு சிதைவு வைரஸ். அது பிடித்த தேனீ சுருங்கிய, பயனற்ற சிறகுகளோடு பிறக்கும். உண்ணி இல்லாத தீவுகளில் பத்தில் ஒரு குடும்பத்தில்தான் அந்த வைரஸ் இருந்தது, அதுவும் மிகச் சொற்ப அளவில், பல்வேறு வகைகளாக. தேனீக்களுக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. உண்ணி வேரூன்றிய இடங்களில் எல்லாக் குடும்பங்களிலும் வைரஸ் இருந்தது. ஒரு தேனீயின் உடலில் உள்ள வைரஸ் அளவு ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு உயர்ந்திருந்தது. இன்னும் வியப்பு என்னவென்றால், முன்பிருந்த பல வகைகள் மறைந்து ஒரே வகை மேலோங்கியிருந்தது. 2012இல் அந்த முடிவுகள் வெளியாயின.

ஏன் இப்படி? வைரஸ் முன்பு உணவு வழியாகத்தான் தேனீக்குள் போய்க்கொண்டிருந்தது. வாய், குடல், குடல் சுவர் என ஒவ்வொரு கட்டத்திலும் தேனீயின் உடல் அதைத் தடுத்தது. உண்ணியோ தோலைத் துளைத்து வைரஸை நேரே உள்ளே செலுத்துகிறது. தலைவாசலில் காவல் பலமாக இருக்க, திருடன் பின்சுவரில் கன்னம் வைத்து உள்ளே வந்ததுபோல. அந்தப் புதிய வழியில் வேகமாகப் பெருகத் தெரிந்த வைரஸ் வகைக்கு மட்டும் வாய்ப்புக் கிடைத்தது, மற்றவை ஒதுங்கிப்போயின. உண்ணி தன் கடியால் மட்டும் கொல்லவில்லை. தீங்கில்லாமல் கிடந்த ஒரு நுண்ணுயிரியை, வழியைத் திறந்துவிட்டு, கொலைகாரனாக மாற்றியது. உண்ணியைக் கட்டுப்படுத்தினாலும் அந்த வைரஸ் உடனே மறைந்துவிடாது என்பதே தேனீ வளர்ப்பவர்களுக்குக் கிடைத்த கசப்பான பாடம்.

இப்போது குமரிக்குத் திரும்பலாம். பைப்புழு நோயின் மூலத்தைத் தேடிய கதையும் நூறாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்காவில் ஜி.எஃப். ஒயிட் என்பவர் செத்த புழுக்களை அரைத்து, பாக்டீரியாக்கள் நுழைய முடியாத மிக நுண்ணிய வடிகட்டி வழியாக அந்தச் சாற்றை வடித்தார். வடிந்த நீரைச் சர்க்கரைப் பாகில் கலந்து நலமான குடும்பங்களுக்குக் கொடுத்தார். அந்தக் குடும்பங்களிலும் புழுக்கள் நோயுற்றன. நோய் உண்டாக்குவது பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று என்பது அப்போது, 1913 வாக்கில், உறுதியாயிற்று. வைரஸைக் கண்ணால் பார்க்கும் கருவி வருவதற்கு முந்தைய காலம் அது! பின்னர் 1964இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் லெஸ்லி பெய்லியின் குழு வைரஸையே பிரித்தெடுத்தது.

இந்த வைரஸ் பிடித்த புழு, கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில் நின்றுவிடும். கடைசித் தோலை உரிக்க முடியாது. உரிய வேண்டிய தோலுக்கும் உடலுக்கும் நடுவே நீர் கோத்து, புழு ஒரு பையாகிவிடும். ஊசியால் மெல்ல எடுத்தால் பை கிழியாமல் முழுசாக வரும். வெண்மை மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் இரு முனையும் மேல்நோக்கி வளைந்த கறுத்த செதிலாக அறைக்குள் ஒட்டிக் கிடக்கும். மூடியில் ஓட்டைகளும், தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும் புழுக்களும் கண்டால் தேனீ வளர்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

நோய் பரப்புவது, வருந்தத்தக்க விதமாக, கூட்டின் மிகக் கடமை தவறாத உறுப்பினர்தான். செத்த புழுவை அகற்றும் இளம் செவிலித் தேனீக்கள் அந்த நீரை வாயால் தொடுகின்றன. வைரஸ் அவற்றின் தலையிலுள்ள, புழுவுக்கு உணவு சுரக்கும் சுரப்பியில் சேர்கிறது. அடுத்த புழுவுக்கு ஊட்டும்போது கூடவே ஊட்டப்படுகிறது. ஐரோப்பியத் தேனீயிலும் இந்த வைரஸின் உறவு வகை ஒன்று உண்டு. அங்கே நோயுற்ற சில புழுக்களோடு அது பெரும்பாலும் தானே தணிந்துவிடும். தாய்லாந்தில் 1976இல் ஆசியத் தேனீயில் கண்டது அதற்கு நெருங்கியது, ஆனால் வேறானது. அது 1970களின் இறுதியில் வடகிழக்கு இந்தியாவிலும், பிறகு இமயமலையடி நிலங்களிலும், 1991இல் தெற்கிலும் தெரிந்தது. ஒவ்வோர் இடத்திலும் முதல் வருகையில் பேரழிவு, பிறகு மெல்ல மெல்லத் தணிவு. உண்ணியை ஒரு கை பார்த்த நம் தேனீயிடம் இந்த வைரஸ் வகைக்கான தற்காப்பு தயாராக இருக்கவில்லை என்றே அந்த முதல் அலைகளைப் படிக்க முடிகிறது.

நோய்க்கு மருந்து கிடையாது, இன்றும் கிடையாது. குமரியிலும் கேரளத்திலும் தேனீ வளர்ப்பை மீட்டது தப்பிப் பிழைத்த குடும்பங்கள்தான். நோய் வந்தும் சாகாத பெட்டிகளைப் பிரித்துப் பெருக்கினார்கள். மரப்பொந்திலும் மண்புற்றிலும் தப்பியிருந்த காட்டுக் குடும்பங்களைப் பிடித்து வந்தார்கள். நோய் இன்னும் அவ்வப்போது தலைகாட்டுகிறது, ஆனால் 1991 திரும்பவில்லை. அயலூர்ப் பெட்டிகளைக் கொண்டுவந்து குவிக்கும் ஆண்டுகளில் அது மீண்டும் கிளம்பிவிடுமோ என்பதே என் அச்சம்.

பூச்சி எதிரிகளிலும் இதே பாடம்தான் எழுதியிருக்கிறது. ஜப்பானில் பெரும் குளவிகள் தேனீக் கூட்டைச் சூறையாடும். முப்பது குளவிகள் ஓர் ஐரோப்பியத் தேனீக் குடும்பத்தைச் சில மணி நேரத்தில் வெட்டிச் சாய்த்துவிடும். தேனீக்கள் ஒவ்வொன்றாகப் பாய்ந்து கொட்டப் போய்ச் சாகும். அங்குள்ள ஆசியத் தேனீ அப்படிச் செய்வதில்லை. உளவு பார்க்க வரும் முதல் குளவியை உள்ளே விட்டு, நூற்றுக்கணக்கான தேனீக்கள் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டு உடல் தசையை அதிரவிட்டு வெப்பத்தை உண்டாக்கும். ஆய்வாளர் ஓனோவின் குழு 1995இல் வெப்பப் படக்கருவியால் அந்த உருண்டைக்குள் ஏறக்குறைய 47 பாகை செல்சியஸ் அளந்தது. அந்தச் சூட்டில் குளவி சாகும், தேனீ மயிரிழையில் தப்பும். ஐரோப்பாவில் 2004இல் பிரான்சின் தென்மேற்கில் ஆசியக் குளவியின் வேறோர் இனம் கண்டறியப்பட்டது. சீனத்துப் பானைகளோடு கப்பலில் வந்ததாகக் கருதுகிறார்கள். மரபணு ஒப்பீடு, ஒரே ஒரு கருவுற்ற ராணி போதுமானதாக இருந்தது என்கிறது. அங்கே வாசலில் வட்டமிடும் குளவியைப் பார்த்து வெளியே வர அஞ்சி, தேனீக்கள் உள்ளேயே பட்டினி கிடக்கின்றன.

ஆக, நம் தொடக்கக் கேள்விக்கான விடை தேனீயின் வலிமையில் இல்லை. ஒவ்வோர் இனமும் தன் பழைய எதிரிகளோடு எத்தனை காலம் பழகியிருக்கிறது என்பதில் இருக்கிறது. கொல்லும் எதிரி, தான் ஒண்டி வாழும் ஓம்புயிரியையும் இழப்பான். எளிதில் கொல்லப்படும் ஓம்புயிரி சந்ததி விட்டுச் செல்லாது. காலப்போக்கில் இருவரும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளும் ஏதோ ஓர் எல்லைக்கு வந்து சேர்கிறார்கள். மனிதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போகும்போது அந்தக் காலத்தை அழித்துவிடுகிறான்.

ஐரோப்பியத் தேனீயும் பழகுமா? ஸ்வீடனின் காட்லாண்ட் தீவில் 1999இல் இங்கெமார் ஃப்ரீஸ் குழுவினர் ஒரு கொடுமையான, ஆனால் அவசியமான சோதனை செய்தார்கள். நூற்றைம்பது குடும்பங்களை உண்ணியோடு விட்டுவிட்டு, மருந்தே வைக்கவில்லை. மூன்று ஆண்டுகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் இறந்தன. எஞ்சியவை இறக்கவில்லை. அவற்றின் சந்ததி இன்றும் மருந்து இல்லாமல் வாழ்கிறது, அவற்றின் கூடுகளில் உண்ணி மெதுவாகத்தான் பெருகுகிறது. அமெரிக்காவின் ஆர்னாட் காட்டில் ஆய்வாளர் டாம் சீலி 1978இல் காட்டுத் தேனீக் குடும்பங்களைக் கணக்கெடுத்திருந்தார். உண்ணி வந்த பிறகு 2002இல் மீண்டும் போனார், குடும்பங்கள் அதே அளவு இருந்தன. 1977இல் எடுத்துப் பாதுகாத்த பழைய தேனீக்களின் மரபணுவையும் இக்காலத் தேனீக்களுடையதையும் பின்னர் ஒப்பிட்டபோது, நடுவில் ஒரு பெருஞ்சாவு நிகழ்ந்ததன் தடயம் கிடைத்தது. பல தாய்வழிகள் அறுபட்டிருந்தன. எஞ்சியவற்றில் பழகிய மரபு நிலைத்துவிட்டது.

இங்கே தேனீ வளர்ப்பவரின் நெருக்கடி வருகிறது. மருந்து வைத்தால் தாங்க முடியாத தேனீயும் வாழ்கிறது, வேகமாகப் பெருகும் உண்ணியும் வாழ்கிறது, தேர்வு நடப்பதே இல்லை. உண்ணியோ மருந்துக்கும் பழகிவிடுகிறது. ஃபுளுவாலினேட் என்ற மருந்து ஒரு காலத்தில் மந்திரம்போல வேலை செய்தது, பல நாடுகளில் இப்போது பயனில்லை. மருந்து வைக்காவிட்டால் அவர் பிழைப்பு போய்விடும். நடுவழியாக ஆக்சாலிக் அமிலம், ஃபார்மிக் அமிலம், தைமால் போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். உண்ணி விரும்பிச் சேரும் ஆண் அறை அடைகளை வேண்டுமென்றே வளர்க்கவிட்டு, வெட்டி எறிகிறார்கள். மோப்பம் பிடித்து அகற்றும் குணமுள்ள ராணிகளைத் தேடிப் பெருக்குகிறார்கள். ஆசியத் தேனீ தானாகச் செய்வதை மனிதன் கையால் செய்து பார்க்கும் முயற்சி என்றே இதைச் சொல்லவேண்டும்.

அடுத்த தாவல் கண்முன் நடக்கிறது. டிராப்பிலேலாப்ஸ் என்றொரு உண்ணி, வர்ரோவாவைவிடச் சிறியது, வேகமாகப் பெருகுவது. அதன் பழைய ஓம்புயிரி நம் பாறையிலும் பெருமரங்களிலும் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீ. 1960களில் இமாசலத்தில் நக்ரோட்டாவில் ஐரோப்பியத் தேனீயைக் குடியேற்றிய சில ஆண்டுகளிலேயே அது வட இந்தியப் பெட்டிகளுக்குத் தாவிவிட்டது. ஆசியாவைவிட்டு வெளியே போகாது என்று நீண்ட காலம் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள், ஏனென்றால் புழு இல்லாத கூட்டில் அது சில நாள்களுக்கு மேல் உயிர்வாழாது. குளிர்நாட்டுத் தேனீ பனிக்காலத்தில் புழு வளர்ப்பதை நிறுத்தும், உண்ணி அங்கே பிழைக்காது என்பது கணக்கு. அண்மை ஆண்டுகளில் அது ரஷ்யாவின் தென்பகுதியிலும் ஜார்ஜியாவிலும் கண்டறியப்பட்டுவிட்டது. குளிர் கடுமையாக இல்லாத இடங்களில் தேனீக்கள் ஆண்டு முழுவதும் கொஞ்சமாவது புழு வளர்க்கின்றன, உண்ணிக்கு அது போதும்.

மலைத்தேனீ இந்த உண்ணியோடு எப்படி வாழ்கிறது? பூக்காலம் முடிந்ததும் அடையை அப்படியே விட்டுவிட்டுக் குடும்பமே நெடுந்தொலைவு பறந்துவிடும். பயணத்தில் புழு கிடையாது, உண்ணியில் பெரும்பகுதி வழியிலேயே அழியும். பெட்டித் தேனீயை வளர்ப்பவர்கள் இப்போது அதே இடைவெளியை வேறு வழியில் உண்டாக்குகிறார்கள். ராணியை மூன்று வாரம் சிறு கூண்டில் அடைத்து, முட்டையிட விடாமல் வைத்து, கூட்டில் கடைசிப் புழுவும் தேனீயாகி வெளியேறும்வரை காத்திருக்கிறார்கள்.